ஓட்ஸ் வயலின் 20 பிக்சலைச் செயற்கை டெக்ஸ்சரால் பெருக்கலாமா?

அலைவரிசை:
இந்தியன் பைன்ஸ் என்ற ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படத்தில் (ஒவ்வொரு பிக்சலிலும் ஒளியைப் பேண்ட் எனும் பல குறுகிய அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் படம்) பயிர்களை வகை பிரிக்க ஒரு மாடலைப் பழக்குகிறேன். 1992 ஜூனில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தின் மேல் பறந்து ஏவிரிஸ் கருவி எடுத்த படம். 145 × 145 பிக்சல்; நீராவி விழுங்கும் பேண்டுகளைக் கழித்தால் 200 பேண்ட். சோயாவின் ஒரு வகைக்கு மட்டும் 2,455 பிக்சல் இருக்க, ஓட்ஸுக்கு வெறும் 20. ஓட்ஸ் டெக்ஸ்சரை, அதாவது பிக்சலுக்குப் பிக்சல் மாறும் வயலின் பரப்பு அமைப்பை, செயற்கையாக உருவாக்கிச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது என் கட்சி.

வரப்போரம்:
கூடாது என்பேன். ஒரு பிக்சல் தரையில் 20 மீட்டர். இருபதையும் கூட்டினால் இரண்டு ஏக்கர். அதுவும் ஒரே ஒரு குறுகிய பட்டை. பக்கத்து நிலத்தின் ஒளி கலக்காத பிக்சல் அதில் எத்தனை தேறும்? நீங்கள் பெருக்கப்போவது ஓட்ஸை அல்ல, வரப்பை.

மண்வாசி:
நடுவில் ஒரு விஷயம். நான் ஒருமுறை ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனியாக டெக்ஸ்சர் செய்தேன். படமாகப் பார்த்தால் அசல் வயல்தான். ஒரு பிக்சலின் நிறமாலையை, அதாவது பேண்டுக்குப் பேண்டு ஒளி மாறும் வளைவை, வரைந்ததும் திக்கென்றது. 700 நானோமீட்டர் பக்கம் பச்சை இலையின் வளைவு விறுவிறுவென ஏற வேண்டும். இதுவோ ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. அப்படி ஒரு செடியே கிடையாது. அப்புறம் முதன்மைக் கூறுகளுக்கு (சேர்ந்தே மாறும் பேண்டுகளைத் தொகுத்துச் சுருக்கும் சில எண்கள்) மாற்றி, முதல் சில கூறுகளில் மட்டும் டெக்ஸ்சர் செய்து, திரும்ப 200 பேண்டுக்குக் கொண்டுவந்தேன். வளைவு சரியானது.

அலைவரிசை:
அதற்கும் ஒரு படி முன்னால் போகலாம். படம் எடுத்த சமயத்தில் மக்காச்சோளமும் சோயாவும் நிலத்தில் 5 சதவீதம்கூட மூடவில்லை. தெரிவதெல்லாம் பெரும்பாலும் மண்ணும் போன போகத்துத் தட்டையும்தான். ஆகவே மண், தட்டை, இலை என்ன விகிதம் என்பதை முதலில் வரைபடமாக்க வேண்டும். அண்டைப் பிக்சல்கள் ஒத்துப்போக மார்க்கோவ் புலம் (ஒரு பிக்சலின் மதிப்பு அதன் அண்டைப் பிக்சல்களைச் சார்ந்திருக்கும் நிகழ்தகவு மாதிரி) போதும். நிறமாலை அந்த விகிதத்திலிருந்தே வந்துவிடும். வரப்போரம், ஓட்ஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

வரப்போரம்:
விகிதம் பிரிக்கும் நிரலைச் சோதிக்க அப்படிப் படம் செய்யுங்கள், மறுப்பே இல்லை. விடை தெரிந்த படம் அங்கே அவசியம். வகை பிரிப்பில்தான் எனக்குப் பயம். முழுப் படத்திலிருந்தும் டெக்ஸ்சரை எடுத்துவிட்டு, அதே படத்தின் பிக்சல்களில் சோதித்தால் தேர்வுத்தாள் முன்பே கசிந்த கதைதான். பயிற்சிக்கு ஒதுக்கிய வயல்களிலிருந்து மட்டும் டெக்ஸ்சர் எடுங்கள். சோதனைக்கு வேறு வயல், அசல் பிக்சல்.

அலைவரிசை:
வயல் வயலாகப் பிரித்தால் ஓட்ஸுக்கு இருப்பதே ஒரு வயல். அதை நீக்கிவிடுகிறேன். பல வயல்கள் உள்ள மக்காச்சோளம், சோயா இரண்டிலும் மட்டும் ஓட்டி, செயற்கைப் பிக்சல் சேர்த்தும் சேர்க்காமலும் வரும் துல்லியத்தை இங்கேயே போடுகிறேன்.