மாட்டு டி.பி. பரிசோதனை: ஒப்பீட்டு ஊசி எங்கே போடுகிறார்கள்?

வணக்கம். தாராபுரம் பக்கம் 14 கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். ஐந்து வயது எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கறவை ஒன்று மூன்று மாதமாக இருமுகிறது. தீனி குறையவில்லை, ஆனால் விலா எலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்துவிட்டது. பால் 12 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்கு வந்துவிட்டது.

குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. இரண்டு முறை ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டாயிற்று, இருமல் நிற்கவில்லை. அப்புறம்தான் மருத்துவர் எல்லா மாடுகளுக்கும் கழுத்துத் தோலில் டியூபர்குலின் (டி.பி. இருக்கிறதா என்று பார்க்கும் மருந்து) ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தோல் தடிப்பைக் காலிப்பர் என்ற அளவுகோலால் அளந்தார். இருமும் மாட்டுக்குத் தோல் தடிப்பு 7 மி.மீ. கூடியிருந்தது. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினாலே பாசிட்டிவ் என்பதால் அதைத் தனியாகக் கட்டிவிட்டேன். வீட்டில் பாலை நன்றாகக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், வெளியே ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

என் குழப்பம் மற்ற இரண்டு மாடுகள். இரண்டுக்கும் 3 மி.மீ.தான், சந்தேக நிலை. ஒன்று ஏழு மாதச் சினை. கட்டுத்தறியை ஒட்டியே நாட்டுக்கோழிகள் அடைகின்றன, பறவைக் காசநோய்க் கிருமியாலும் இப்படித் தடிக்கலாம் என்கிறார் மருத்துவர். பறவை டியூபர்குலினையும் சேர்த்துப் போட்டு ஒப்பிட்டால்தான் தெரியுமாம். அந்த மருந்து அவரிடம் இல்லை. மூன்று மருந்துக் கடைகளில் கேட்டுவிட்டேன், கிடைக்கவில்லை. மறுபரிசோதனைக்கு 42 நாளாவது இடைவெளி வேண்டும், அதில் 20 நாள் போய்விட்டது.

தமிழ்நாட்டில் தனியார் பண்ணை மாடுகளுக்கு இந்த ஒப்பீட்டுப் பரிசோதனையை எங்கே செய்துகொள்ளலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.