பெற்றோர் காலத்துக் கேம்பிங் சாமான்கள்: எதைச் சரிசெய்வது, எதை நினைவாக மட்டும் வைப்பது?

கேள்வி: கூடாரக்கயிறு

அப்பா அம்மா பல வருடம் எடுத்துச் சென்ற முகாம் சாமான்கள் இப்போது பிள்ளைகள் மூவர் பொறுப்பில் இருக்கின்றன. தூக்கிப்போட யாருக்கும் மனமில்லை. பரணில் மக்கவிடவும் மனமில்லை. இருப்பவை இவை:

பருத்தி கேன்வாஸ் கூடாரம். கூரையின் ஒரு மூலையில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். அம்மா கையால் தைத்த ஒட்டுகள் மூன்று. பிற்பாடு வாங்கிய நைலான் டென்ட், உள்பக்கம் பிசுபிசுப்பு, குடலைப் பிரட்டும் புளித்த வாடை. பித்தளை மண்ணெண்ணெய் ஸ்டவ், பம்ப் அடித்தால் காற்றே ஏறவில்லை. ஒரு பெட்ரோமாக்ஸ், இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக், சில்லு பெயர்ந்த எனாமல் தட்டுகள்.

குழந்தைகளோடு இவற்றை மறுபடி வெளியே எடுத்துப் போக ஆசை. எவை தேறும்? மெழுகுவர்த்தியைப் பெட்ரோலில் கரைத்துக் கேன்வாஸில் தடவினால் நீர் புகாது என்று ஒருவர் சொன்னார், செய்யலாமா?

பதில் 1: ஊசிமுனை

முதலில் கடைசிக் கேள்வி. வேண்டவே வேண்டாம். 1944இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் சர்க்கஸ் கூடாரம் பற்றி எரிந்து 160 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கூடாரத் துணிக்கு நீர்காப்பாகப் பூசியிருந்தது பெட்ரோலில் கரைத்த பாரஃபின் மெழுகுதான். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் மெழுகு துணியிலேயே இருக்கிறது, தீ கூரை முழுக்க ஓட அது போதும்.

கழுவுவதற்கு முன் துணிக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். கேன்வாஸை அதிகம் கெடுப்பது வெயில். கூரையில் வெயில் நேராக விழுந்த பகுதியை இரு கை விரல்களாலும் பிடித்து எதிரெதிராக இழுங்கள். தாங்கினால் வேலையைத் தொடங்கலாம். காகிதம் மாதிரி கிழிந்தால் இழையே செத்துவிட்டது; ஒட்டுப் போட்டாலும் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி கிழியும்.

தேறினால், நன்றாகக் காய்ந்த நிலையில் வெளியே விரித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான பிரஷால் பூஞ்சையைத் தட்டிவிடுங்கள். 1 பங்கு வெள்ளை வினிகர், 4 பங்கு தண்ணீர் கலந்து புள்ளிகள் மேல் ஒற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, வெறும் தண்ணீரால் அலசுங்கள். பூஞ்சை போகும், கறை போகாது. கறையை எடுக்க பிளீச் போடாதீர்கள், பருத்தி இழை நைந்துவிடும். சோப்புத் தூள், வாஷிங் மெஷின் இரண்டும் கூடாது. தூளின் மிச்சம் துணியில் தங்கினால் தண்ணீர் முத்தாக உருளாமல் ஊறி இறங்கும். கழுவிய பிறகு தைத்த மடிப்புகள் வரை காய வேண்டும். மேலாகத் தொட்டுப் பார்த்து மடித்தால் அதே மூலையில் பூஞ்சை திரும்பி வரும்.

அம்மாவின் ஒட்டுகளைப் பிரிக்காதீர்கள். தையல் விட்டிருந்தால் பழைய நூலை அப்படியே விட்டு, அதையொட்டி இன்னொரு வரிசை ஓட்டுங்கள். பாலியஸ்டர் உள்ளிழையும் பருத்தி மேலுறையும் கொண்ட நூல்தான் சரி: நனைந்ததும் பருத்தி உப்பி ஊசித் துளையை அடைக்கும். புது ஒட்டு தேவைப்பட்டால் அதே கனத்துக் கேன்வாஸை நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்ட பிறகே வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது.

பதில் 2: பித்தளைப்பம்ப்

ஸ்டவ்வைப் பற்றி. காற்று ஏறவில்லை என்றால் பெரும்பாலும் பம்ப் கம்பியின் நுனியில் உள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். கழற்றி ஒரு இரவு தையல் மெஷின் எண்ணெயில் ஊறவிட்டு, கிண்ணம் போன்ற அதன் விளிம்பை விரலால் வெளிப்பக்கம் விரித்து மாட்டுங்கள். விரிசல் இருந்தால் புது வாஷர்தான். காற்று ஏறி, ஆனால் கைப்பிடி தானாக மேலே எழும்பினால் கோளாறு வேறு: பம்ப் குழாயின் அடியில் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு பிடிக்கவில்லை. அதைக் கழற்ற அதற்கென்றே உள்ள சாவி வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் பித்தளை மரை போய்விடும்.

பற்றவைக்கும் முன் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு, காலித் தொட்டியில் கொஞ்சம் காற்று ஏற்றி வாளித் தண்ணீரில் முழுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடம் கசியும் இடம். மூடியிலோ பர்னர் அடியிலோ என்றால் வாஷரை மாற்றினால் போதும். தொட்டியின் மூட்டில் வந்தாலோ, அடித்தகடு வெளியே புடைத்திருந்தாலோ அந்த ஸ்டவ்வை அலமாரியில் அழகுக்கு வையுங்கள், எரிக்காதீர்கள். இந்த இடத்தில் பாசம் பார்க்கக் கூடாது.

முதல் முறை திறந்தவெளியில், தலைக்கு மேல் எதுவும் இல்லாத இடத்தில் ஏற்றுங்கள். மஞ்சள் தீ உயரமாக எழும்பினால் பர்னர் போதிய அளவு சூடாகவில்லை, மண்ணெண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வருகிறது என்று பொருள். காற்றைத் திறந்துவிட்டு, ஆறவிட்டு, பர்னருக்குக் கீழே உள்ள சிறு கிண்ணத்தில் மறுபடி ஸ்பிரிட் ஊற்றி எரித்துச் சூடாக்குங்கள். இதில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. டென்டுக்குள் எரிக்கவும் கூடாது: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மெருகேற்றும்போது அம்மோனியா கலந்த திரவங்களைத் தவிருங்கள். அழுத்தம் தாங்கும் பித்தளையில் அது நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். நசுங்கலைத் தட்டி நிமிர்த்தவும் வேண்டாம்.

பெட்ரோமாக்ஸோடு பழைய மேன்டில்கள் (விளக்கில் ஒளிரும் வலைப் பைகள்) இருந்தால் அவற்றில் தோரியம் இருக்கலாம். லேசான கதிரியக்கம் உள்ளது. அதன் சாம்பலை ஊதாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தோரியம் இல்லாத மேன்டில்கள் இப்போது கிடைக்கின்றன.

பதில் 3: மலைச்சரிவு

நைலான் டென்ட் போய்விட்டது. உள்பக்கம் பூசிய பாலியூரிதேன் ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்ததால்தான் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும். கழுவினால் திரும்பாது. ஆனால் அதன் உள்கூடாரத் துணியின் (மழை மறைப்புக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) மேல்பகுதிக்குப் பூச்சு இருக்காது. அதை வெட்டி முளை போடும் பை, சமையல் சாமான் பை தைக்கலாம். கம்பிகளையும் எடுத்து வையுங்கள். உள்ளே ஓடும் எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் அதே தடிமனில் புதியது வாங்கி, கம்பியின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய 80 சதவீத நீளத்துக்கு வெட்டிக் கோத்தால் போதும்.

ஸ்லீப்பிங் பேக் ஜிப் பிரிந்துகொண்டே இருந்தால் பல்லைக் குறை சொல்லாதீர்கள், தேய்ந்தது ஸ்லைடராகத்தான் இருக்கும். குறடால் அதன் இரு பக்கத்தையும் மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். இறகுப் பையை அதன் சின்ன உறையில் திணித்து வைக்காமல் பெரிய பருத்திச் சாக்கில் தளர்வாக வையுங்கள்.

எனாமல் தட்டில் சில்லு போனது உணவு படும் பக்கம் என்றால் சாப்பிட வேண்டாம். பழைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எனாமலில் காட்மியம், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சுவரில் மாட்டுங்கள்.

கூடாரக்கயிறு:

மிக்க நன்றி. கேன்வாஸ் இழுவையில் தாங்கியது. அப்படியானால் கழுவியதும் முழுவதற்கும் நீர்காப்புத் திரவம் பூசிவிடலாமா? பங்கு பிரிப்பதில்தான் சிக்கல். தங்கை கூடாரத்துணி கேட்கிறாள், தம்பி கழிகளையும் முளைகளையும் கேட்கிறான்.

ஊசிமுனை:

பொறுங்கள், பூச வேண்டியதே வராமல் போகலாம். கூடாரத்தைக் கட்டி, குழாயால் முழுக்க நனைத்து, முற்றிலும் காயவிடுங்கள். இதையே இரண்டு மூன்று முறை செய்தால் இழைகள் உப்பி நெசவு நெருங்கும். அதன் பிறகும் ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, அங்கே மட்டும், பருத்திக்கென்று விற்கும் தண்ணீர் அடிப்படைத் திரவத்தைப் பூசுங்கள். தையல் வரி மட்டும் ஒழுகினால் தேன்மெழுகைத் தேய்த்தாலே நிற்கும். அந்த அளவு மெழுகால் ஆபத்தில்லை. சோதிக்கும்போது உள்ளே இருந்து கூரையைத் தொடாதீர்கள், தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும்.

மலைச்சரிவு:

துணியையும் கழியையும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். அந்தத் துணியின் உயரத்துக்கும் ஐலெட் (கழி நுனி நுழையும் உலோக வளையத் துளை) இடைவெளிக்கும் பொருந்திய கழிகள் அவை, வேறு செட் கிடைப்பது கடினம். கூடாரம் முழுதாக ஒருவரிடம் இருக்கட்டும், ஸ்டவ்வும் விளக்கும் அவற்றை எரித்துப் பராமரிக்க விரும்புகிறவரிடம் போகட்டும். துணி கேட்கும் தங்கைக்கு உள்கூடாரத் துணியில் தைத்த பைகளைக் கொடுக்கலாம்.

இன்னொன்று. கூடாரப் பையின் உள்பக்கம் ஒரு பருத்தி நாடாவைத் தைத்து, வாங்கிய வருடம், எந்த ஒட்டு எந்தப் பயணத்தில் விழுந்த கிழிசலுக்கு, கழிகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்று அழியாத மையில் எழுதுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். பையும் பருத்தியாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் கட்டினால் மிச்ச ஈரம் வெளியேறாது. தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, வருடம் ஒருமுறையாவது பிரித்து உலர்த்துங்கள்.