புதுப்பிப்பு: 221 பகா எண்ணா? மகனுக்குப் புரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், 2, 3, 5, 7 நான்காலும் வகுத்துப் பார்த்துவிட்டு 221 பகா எண்தான் என்று சாதிக்கிறான், எப்படிப் புரியவைப்பது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, காரணிகளை ஜோடியாக எழுதச் சொன்ன யோசனை. 36-க்கு 1×36, 2×18, 3×12, 4×9, 6×6 என்று எழுதியதும், அதற்குமேல் பழைய ஜோடிகளே திரும்பி வருவதை அவனே கண்டுபிடித்தான். அப்புறம் விளக்குவது சுலபமாகிவிட்டது. எந்தப் பகா எண்ணின் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டுகிறதோ, அங்கே நிறுத்தலாம். 11×11=121 என்பதால் 100 வரை 7 போதும்; 221-க்குப் போதாது. 13-இல் மாட்டியது: 13×17.

"2, 3 தவிர மற்ற பகா எண்கள் 6-இன் மடங்குக்கு ஒன்று முன்னேயோ, ஒன்று பின்னேயோதான் வரும்" என்ற குறிப்பு மட்டும் குழப்பிவிட்டது. 25, 91 எல்லாம் பகா எண் என்று எழுதி வைத்தான். 91 என்பது 7×13. அந்தக் குறிப்பு ஆகாத எண்களைச் சலித்துக் கழிக்கத்தான் உதவும், மிஞ்சியது பகா எண்தான் என்று தீர்ப்புச் சொல்ல அல்ல.

எதிர்பாராதது: பயல் இப்போது சென்னை அஞ்சல் குறியீடுகளைப் பிடித்துக்கொண்டான். எங்கள் வேளச்சேரி 600042, இரட்டைப்படை, சப்பென்று போய்விட்டது. அத்தை வீட்டு தி.நகர் 600017-இல் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் இரு பக்கமும் 7. எனவே 11-ஆல் வகுபடும்: 11×54547. இந்த அளவு எண்ணைப் பகா எண் என்று உறுதிசெய்ய 773 வரை 137 பகா எண்களால் வகுக்க வேண்டும் என்றேன். பேட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.