மறு: ட்ரையேஜ் – ‘முதற்பார்வை’ எனலாமா?

அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம். வழு (மென்பொருள் பிழை) பதியும் தளங்களின் திரைச்சொற்களைத் தமிழாக்கும்போது, புதிதாக வந்த வழு அறிக்கைகளை முதலில் பார்த்துப் பிரிக்கும் வேலையான ‘ட்ரையேஜ்’ பற்றி அண்ணாச்சி கேட்டது:

> ‘தரம்பிரிப்பு’ புழக்கத்தில் உள்ள சொல்தானே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைக்கலாம் அண்ணாச்சி. ஆனால் அதைக் கேட்டதும் முதல் தரம், இரண்டாம் தரம் என்றுதான் மனம் போகிறது. வழு அறிக்கையை ட்ரையேஜ் செய்பவர் வேறு வேலையும் பார்க்கிறார். இதே வழுவை முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுகிறார், தன் கணினியில் செய்து பார்க்கிறார், பதிப்பு எண் விடுபட்டிருந்தால் கேட்டு வாங்குகிறார். எவ்வளவு அவசரம், யார் கையில் கொடுப்பது என்பதெல்லாம் அப்புறம்தான். அதனால் ‘முதற்பார்வை’ என்கிறேன். ‘முதற்பார்வைக்குக் காத்திருக்கிறது’, ‘முதற்பார்வை முடிந்தது’ என்று திரையிலும் இயல்பாக உட்காருகிறது.

இதைவிட அவசரமாக மாற்ற வேண்டியவை அறிக்கையை மூடும்போது காட்டும் சொற்கள். பாளையங்கோட்டையில் படிக்கும் மாணவி ஒருவர், விரிதாளில் ‘ஸ்ரீவைகுண்டம்’ என்று தேடினால் பாதி வரிகள்தான் கிடைக்கின்றன என்று ஒரு மென்பொருள் திட்டத்துக்கு எழுதினார். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். 2005இல் யூனிகோடு 4.1இல் ‘ஶ’ சேர்ந்த பிறகு, ஸ்ரீயை ‘ஸ’ வைத்தும் உள்ளிடலாம், ‘ஶ’ வைத்தும் உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, தேடலுக்கு வேறு வேறு. அவருக்கு வந்த பதில் ‘செல்லாது’ என்ற ஒற்றைச் சொல். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் வழு பதியவில்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் சுற்றிக் கொண்டுபோன பீடியில் ஒரு கைப்பிடியைக் காரணம் சொல்லாமல் கழித்துப் போட்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதுவும்.

இந்தச் ‘செல்லாது’க்கு மூலமான ‘இன்வேலிட்’ என்ற நிலை, மொசில்லாவின் வழு பதியும் மென்பொருளான பக்ஸில்லா வழியாகப் பல திட்டங்களுக்கும் பரவியது. கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழு தன் பக்ஸில்லாவில் அதை ‘நாட் எ பக்’ என்றும், ‘வோன்ட்ஃபிக்ஸ்’ (சரிசெய்ய மாட்டோம்) என்பதை ‘இன்டென்ஷனல்’ என்றும் மாற்றிவிட்டது. நாமும் ‘வழுவன்று’, ‘உத்தேசித்ததே’ என்று மாற்றலாம். ‘டூப்ளிகேட்’டுக்குப் ‘போலி’ என்று போட்டிருப்பது இன்னும் மோசம். நேரம் ஒதுக்கி எழுதியவரைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? ‘முன்பே பதிவானது’ போதும்.

‘இன்கம்ப்ளீட்’டுக்கு ‘முழுமையற்றது’ என்பதையும் ஏற்க மனம் வரவில்லை. லாஞ்ச்பேட் என்ற வழு பதியும் தளத்தில் அந்த நிலையில் 60 நாள் அசையாமல் கிடக்கும் அறிக்கை தானாகக் காலாவதியாகும்படி வைக்க முடியும். அடுத்த வேலை தன்னுடையது என்று எழுதியவருக்குப் புரிய வேண்டாமா? ‘உங்கள் பதில் தேவை’ என்றே எழுதிவிடலாம். நீளம்தான், பொத்தானில் அடங்குகிறதா என்று யாராவது கைப்பேசியில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆட்சேபம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை இவற்றை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ‘முதற்பார்வை’க்கு மட்டும் அண்ணாச்சியின் பதில் வரும்வரை பொறுக்கிறேன்.