மறு: பிரேக் ‘சமநிலை’யா, ‘பங்கீடா’?

நண்பர்களுக்கு வணக்கம். பந்தயக் கார் கையேட்டுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் இரண்டு சொற்களைப் பற்றி எழுதுகிறேன்: பிரேக் பேலன்ஸ், அதாவது பிரேக் விசை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரியும் விகிதம்; பேலன்ஸ் பார், அதாவது பெடலின் விசையை அப்படிப் பிரிக்கும் தண்டு. முன்பு வந்த மடல் இப்படிச் சொன்னது:

> பிரேக் பேலன்ஸுக்குப் ‘பிரேக் சமநிலை’ போதுமே. பேலன்ஸ் பாருக்குச் ‘சமன்தண்டு’. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஒருவர் ஸ்பானரை எடுத்தால், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைச் சமமாக வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால், அதாவது சுழலாமல் நின்றுவிட்டால், கார் சுழலும். முன்சக்கரம் ஒரு நொடி முந்திப் பூட்டினால் நேராகச் சறுக்கும், ஓட்டுநர் காலைத் தளர்த்தி மீளலாம். ஆக, எவ்வளவு முன்னுக்கு, எவ்வளவு பின்னுக்கு என்பதுதான் இங்கே கேள்வி.

கைமாறி வந்த ஒரு பழைய ஃபார்முலா ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். 1967-ல் இங்கிலாந்தில் தொடங்கிய பந்தய வகை. அந்தக் காலத்து வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஒவ்வொரு உரிமையாளரும் எதையாவது மாற்றியிருப்பார். பெடலுக்கு முன்னால், மிதிக்கும் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் இரண்டு மாஸ்டர் சிலிண்டர்கள், ஒன்று முன்பிரேக்குக்கு, மற்றது பின்பிரேக்குக்கு. கர்லிங் நிறுவனத்தின் வகையாக இருந்தால் உடலிலேயே .625, .70, .75 என்று துளையின் அளவு அங்குலத்தில் பொறித்திருப்பது வழக்கம். அதை அப்படியே நம்பக் கூடாது. உள்ளே ஸ்லீவ் (துளையைச் சிறிதாக்கும் உட்குழாய்) போட்டிருக்கலாம். பிஸ்டனைக் கழற்றி வெர்னியரில் அளந்தால்தான் உறுதி. எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதையும் கையால் தடவிக்கொண்டே கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கு. முன்சிலிண்டர் .625 (15.9 மி.மீ.), பின்சிலிண்டர் .70 (17.8 மி.மீ.). ஒரே விசையில் சிறிய சிலிண்டர்தான் கூடுதல் அழுத்தம் தரும்; பரப்பு விட்டத்தின் வர்க்கமாக மாறுவதால் இங்கே முன்னழுத்தம் 25 சதவீதம் அதிகம். காலிபர் (பேடை டிஸ்க்மேல் அழுத்தும் பாகம்), டிஸ்க், பேட் எல்லாம் நான்கு சக்கரத்திலும் ஒன்றே என்று வைத்தால், பேலன்ஸ் பாரின் தாங்குமிடம் நட்டநடுவில் இருக்கும்போதே முன்பிரேக்கின் பங்கு ஏறக்குறைய 56 சதவீதம். ‘சமன்தண்டு’ சமமாக நிற்கிறது, பங்கோ சமமாக இல்லை! காலிபர்கள் வேறாக இருந்தால் பிஸ்டன் பரப்பையும் சேர்க்க வேண்டும். எதிரெதிர் பிஸ்டன் வகையில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் எண்ணுங்கள். பலர் சறுக்கும் இடம் அது.

56 சரியா? முன்சக்கரம் சற்று முந்திப் பூட்ட வேண்டுமானால், பிரேக் போடும்போது முன்னால் விழும் எடையின் பங்கைவிட முன்பிரேக்கின் பங்கு கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். நிற்கும்போது எடையில் 40 சதவீதம் முன்னால், எடைமையம் 30 செ.மீ. உயரம், சக்கர இடைவெளி 240 செ.மீ. என்று கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தின் அளவுக்கே வேகம் குறைந்தால் எடையில் இன்னும் 12.5 சதவீதம் (30/240) முன்னால் சாயும், 52.5 ஆகும். 56 அதற்குச் சற்று மேலே, நல்லது. மழையில் பிடிப்பு பாதியானால் சாய்வும் பாதிதான், முன்னெடை 46-க்கு வந்துவிடும். அப்போது பங்கைப் பின்னுக்கு நகர்த்துவார்கள்.

எனவே என் முன்மொழிவு: பிரேக் பங்கீடு. அளவைச் சொல்ல முன்பங்கு, பின்பங்கு. “முன்பங்கு 56” என்று பட்டறையில் கூப்பிட்டுச் சொல்லலாம். ‘முன்சமநிலை 56’ என்று யாராவது சொல்வார்களா?

> பங்கீடு என்றால் ரேஷன் அட்டை நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே. இருப்பதை அளந்து பிரித்துக் கொடுப்பதுதானே இரண்டிலும்.

பேலன்ஸ் பாருக்குப் பங்கீட்டுக்கோல் என்கிறேன். கோல் என்றதற்குக் காரணம் உண்டு. நம் வெள்ளிக்கோலில் கயிற்றை நகர்த்தித் தாங்குமிடத்தை மாற்றுவோம் இல்லையா, இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. திருகைச் சுற்றினால் பெடலுக்குள் இருக்கும் உருண்டைத் தாங்கி இடம் மாறும். சிலிண்டர்களைத் தள்ளும் இரு தள்ளுகம்பிகளில் எதற்கு அருகே போகிறதோ அதற்கு விசை கூடும். கம்பிகளுக்கு இடையே 64 மி.மீ. என்றால், நடுவிலிருந்து 3 மி.மீ. நகர்த்தியதும் அருகில் இருப்பது 55 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும். தராசில் தாங்குமிடம் நகராது, அதனால் பேலன்ஸ் பாருக்கு முன்பு வேறொருவர் சொன்ன ‘தராசுத்தண்டு’ எனக்கு ஒட்டவில்லை.

பின்குழாயில் மட்டும் அழுத்தத்தை அடக்கும் வால்வையும் சிலர் பங்கீட்டு வால்வு என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அது பிரித்துக் கொடுப்பதில்லை. ஓர் அளவுக்குமேல் பின்னழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. ‘மட்டுவால்வு’ என்று தனியாக வைத்தால் குழப்பம் வராது.

பிரேக், காலிபர், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றைத் தொட வேண்டாம். ஐ.டி.ஐ. மாணவர் முதல் மெக்கானிக் வரை நாவில் இருப்பவை அவை.

மீதி இருப்பது கோலின் இரு முனையிலும் தள்ளுகம்பியைப் பிடிக்கும் கிளெவிஸ். பக்கவாட்டில் அதற்குக் கொஞ்சம் இடம் விடாவிட்டால் பெடல் இறுகிவிடும், ஆகவே கையேட்டில் அடிக்கடி வரும் சொல். இரண்டாகப் பிரிந்திருப்பதால் ‘கவைமுனை’ என்று யோசித்தேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், பட்டியலை அதற்குப் பிறகு மூடலாம்.