கழுத்தறுத்தான் (மொட்டைக் கழுத்து) சேவல் போட்டும் பாதிக் குஞ்சுக்குக் கழுத்தில் இறகு?

கரிசல்காட்டான்:
சந்தையில் ஒரு மொட்டைக் கழுத்துச் சேவல் வாங்கிவந்து வீட்டு நாட்டுக்கோழிகளோடு விட்டேன். அடைவைத்த 11 முட்டையில் 9 பொரித்தது, ஆனால் 5க்கு மட்டும்தான் மொட்டைக் கழுத்து. கலப்புச் சேவலைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?

தோட்டத்துவீடு:
சேவலின் கழுத்துக்கு முன்பக்கம் கீழே ஒரு கொத்து இறகு, டை கட்டின மாதிரி இருக்கிறதா? இருந்தால் அதன் மரபணு ஜோடியில் ஒன்றுதான் மொட்டை மரபணு. சாதாரணக் கோழியோடு சேர்த்தால் பாதிக்குப் பாதிதான் வரும், உங்களுக்கு 5 வந்ததே கணக்குதான். இரண்டுமே மொட்டை மரபணுவாக உள்ளதற்குக் கழுத்து அநேகமாகச் சுத்தமாக இருக்கும், அந்தச் சேவலைப் போட்டால் எல்லாக் குஞ்சும் மொட்டைதான்.

கரிசல்காட்டான்:
கொத்து இருக்கிறது அண்ணே! அப்போ முழு மொட்டைக்கு என்ன வழி?

தோட்டத்துவீடு:
இந்த 5இல் பெட்டைகளை வளர்த்து வேறு இடத்து மொட்டைச் சேவலோடு சேருங்கள், அப்பனோடே விடாதீர்கள். அதற்கும் கொத்து இருந்தால் நாலில் ஒன்று முழு மொட்டை, ஒன்று சாதாரணம் என்று வரும்.

மழைக்கோழி:
இறகு குறைவு என்பதால் சித்திரை வெயிலை நன்றாகத் தாங்கும், உரிக்கவும் சுலபம் (வீட்டில் அம்மாவுக்குப் பிடித்ததே அதுதான்). ஆனால் மார்கழிக் குஞ்சுக்குக் கூடுதல் நாள் பல்பு போடுங்கள். நான் 10ஆம் நாளே எடுத்துவிட்டு, காலையில் பார்த்தால் மூன்று குஞ்சு விறைத்துக் கிடந்தது. அப்புறம் ஏழாம் நாள் லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பு) சொட்டு மருந்து விட்டாச்சா?