நொகலகேவி: கிழக்கே மட்டும் ஏன் மூன்று மதில்?

கேள்வி (கிருஷ்ணகிரி): மேற்கு ஜார்ஜியாவின் நொகலகேவிக் கோட்டையில் கிழக்குப் பக்கம் மட்டும் மூன்று மதில். சுற்றிலும் ஏன் இல்லை?

மதில்மேல்: மற்ற பக்கங்களை தெகுரி ஆற்றுப் பள்ளத்தாக்கும் செங்குத்துச் சரிவும் பார்த்துக்கொள்ளும். படை ஏற லகுவான வழி கிழக்குதான். 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த மதில்கள் அவை. கீழே ஊர், உச்சியில் உள்கோட்டை.

சுனைநீர்: தண்ணியை விட்டுட்டீங்களே அண்ணா! ஆற்றுக்கு இறங்க மறைவான சுரங்கப்பாதை உண்டு. முற்றுகையில் மதில் விழும் முன்பே தாகம்தான் ஆளைச் சாய்க்கும். நம்ம மலைக்கோட்டைகளில் அந்த வேலையைப் பாறைச்சுனை செய்கிறது.

ராயக்கோட்டையான்: 551 வாக்கில் பாரசீகத் தளபதி மெர்மெரோஸ் யானைகளோடு வந்தார். உள்ளே கிழக்கு ரோமானிய வீரர்கள் சுமார் 3000 பேர். காத்திராமல் வெளியே பாய்ந்து தாக்கினார்கள். மிரண்ட யானை ஒன்று சொந்தப் படையையே கலைத்தது. பாரசீகர் 4000 பேர் மடிந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதுகிறார். மிரண்ட யானை எப்படி என்று ஓசூர்ப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

மதில்மேல்: உச்சிக்கோட்டையின் பலத்துக்கு இங்கேயே சாட்சி உண்டு. 1791இல் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரி அடிவாரக் கோட்டையைப் பிடித்தது. மேலே இருந்தவர்கள் கற்களை உருட்டிவிட்டதால் உச்சியைப் பிடிக்க முடியவில்லை.